இரத்தத்தில் அதிகம் கலக்காத கசாயம் இரத்தச் சர்க்கரையை எப்படிக் குறைக்கிறது?

கேள்வி: கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்து வருகிறார். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையில் மட்டும் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம். நெல்லிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குச் சென்ற தை மாதத்தில்தான் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அவர் உடனே ஆவாரம்பூக் கசாயம் குடிக்கத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.4-இலிருந்து 7.6-ஆகக் குறைந்திருந்தது. அதைக் கண்டு என் அம்மாவும் அதே பூவை, அதே பக்குவத்தில், அதே மூன்று மாதம் குடித்தார். அவருக்கு 8.1 என்பது 8.0 ஆனதோடு நின்றுவிட்டது.

மருந்தாளுநர் படிப்புப் படிக்கும் என் அக்கா மகளிடம் இதைக் கேட்டேன். இத்தகைய பூக்களிலும் பட்டைகளிலும் உள்ள பாலிஃபீனால் முதலிய பொருள்களில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படுவதே இல்லை என்றும், இரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம் என்றும் அவள் சொன்னாள். அப்படியானால் இரத்தத்தில் கலக்காத ஒரு பொருள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எவ்வாறு குறைக்க முடியும்? ஒரே கசாயம் ஒருவருக்குப் பலன் தந்து இன்னொருவருக்குத் தராமல் போவது ஏன்? இடையில் அம்மா சிறுநீர்த் தொற்றுக்காகப் பத்து நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா? மாத்திரையை விட்டுவிட்டுக் கசாயத்தை இரண்டு வேளையாக்கலாமா என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு அச்சமாக இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: பணிநிறைவு பெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியை (புதுச்சேரி)

தம்பி, உங்கள் அக்கா மகள் சொன்னது சரி. ஆனால் அது பாதிதான். பாலிஃபீனால்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்குச் சென்றுவிடுகின்றன என்பதே பொதுவான மதிப்பீடு. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாததை அவை உடைத்து உண்கின்றன. உடைக்கும்போது உண்டாகும் சிறிய மூலக்கூறுகளே நம் இரத்தத்துக்குள் வருகின்றன. ஆகவே நாம் குடித்த பொருள் வேறாகவும், உடல் பெறும் பொருள் வேறாகவும் இருக்கக்கூடும். இடையில் இருக்கும் பாக்டீரியாவைக் கணக்கில் எடுக்காத வரையில் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்காது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மரமஞ்சளில் உள்ள பெர்பெரின். அதை வாய்வழியே உட்கொண்டால் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தை அடைவதில்லை. ஆனாலும் அது சர்க்கரையைக் குறைக்கிறது. இந்த முரணுக்கு 2015-இல் சீன ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் கண்டார்கள். குடல் பாக்டீரியாவின் நொதிகள் பெர்பெரினை டைஹைட்ரோபெர்பெரின் என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த வடிவம் விலங்குகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு எளிதாக உறிஞ்சப்படுகிறது. குடற்சுவரைக் கடந்ததும் மறுபடியும் பெர்பெரினாகிவிடுகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்து எலிகளின் குடல் பாக்டீரியாவைக் குறைத்தபோது அவற்றின் இரத்தத்தில் பெர்பெரினின் அளவும் குறைந்தது. உங்கள் அம்மா சாப்பிட்ட பத்து நாள் மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? ஆவாரம்பூவில் பெர்பெரின் பேசப்படுவதில்லை. எனவே இதையே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆன்டிபயாடிக்குக்குப் பின் குடல் பாக்டீரியாக் கூட்டம் பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும் என்பது உறுதியானது. அந்த இடைவெளியில் பாக்டீரியாவை நம்பியிருக்கும் எந்தப் பொருளின் பலனும் மாறுபடலாம்.

இரண்டாவது வழி நார்ச்சத்து. நார்ச்சத்தையும் செரிக்காத மாவுச்சத்தையும் பாக்டீரியா புளிக்கவைக்கும்போது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற மூன்று சிறு கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. இவை குடற்சுவரில் உள்ள எல் செல்களைத் தூண்டுகின்றன. அந்தச் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் உணவுக்குப் பின் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது, இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிக்கிறது, பசியையும் அடக்குகிறது. இப்போது விற்கும் சில ஊசி மருந்துகள் போலச் செய்து காட்டுவது இதே ஹார்மோனின் வேலையைத்தான். பியூட்டிரேட் குடற்சுவரின் செல்களுக்கே உணவாகவும் ஆகிறது. சுவர் நலிந்தால் பாக்டீரியாவின் மேலுறை நச்சு இரத்தத்துக்குள் கசிந்து, மெல்லிய அழற்சியை உண்டாக்கி, இன்சுலினின் பேச்சை உடல் கேட்காதபடி செய்கிறது. இதைப் பெல்ஜிய ஆய்வாளர் பத்ரிஸ் கானியும் அவருடைய குழுவினரும் 2007-இல் எலிகளில் காட்டினார்கள். சீனாவில் 2012-இல் சர்க்கரை நோயாளிகளின் மலத்திலுள்ள மரபணுக்களை ஆராய்ந்தபோது பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்கள் அவர்களிடம் குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

ஷாங்காயில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றை நான் வகுப்பில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். இரண்டு குழுவினருக்கும் ஒரே மாத்திரை, அகார்போஸ், கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் முழுத் தானியங்கள் முதலியவற்றால் பலவகை நார்ச்சத்து மிகுந்த உணவைப் பன்னிரண்டு வாரம் அளித்தார்கள். முடிவில் அந்தக் குழுவில் 89 விழுக்காட்டினருக்கு மூன்று மாதச் சராசரி 7-க்குக் கீழே வந்தது. மற்றக் குழுவில் 50 விழுக்காட்டினருக்கே வந்தது. சிறு கொழுப்பமிலம் தரக்கூடிய 141 பாக்டீரியா வகைகளை அடையாளம் கண்டதில் 15 மட்டுமே நார்ச்சத்தால் பெருகியிருந்தன. அந்தப் பதினைந்தில் எவை ஒருவர் குடலில் இருக்கின்றன, எவை இல்லை என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரியம்மாவும் உங்கள் அம்மாவும் ஒரே பாத்திரத்துக் கசாயத்தைக் குடித்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளும் குடல்கள் இரண்டு.

நாவல், நெல்லி, மாதுளை ஆகியவற்றில் உள்ள எல்லாஜிக் அமிலமும் இப்படித்தான். குடல் பாக்டீரியா அதை யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியா எல்லாருடைய குடலிலும் இருப்பதில்லை. இல்லாதவர் எத்தனை நாவற்பழம் உண்டாலும் அவர் உடலில் யூரோலித்தின் உண்டாகாது.

பெரியம்மாவின் 8.4 எவ்வாறு 7.6 ஆனது என்பதையும் கவனமாகப் பார்க்க வேண்டும். புதிதாக நோய் கண்டறியப்பட்ட 409 பேரைக் கொண்டு சீனாவில் பெர்பெரினை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். பெர்பெரின் உட்கொண்டவர்களுக்கு மூன்று மாதச் சராசரி ஏறத்தாழ 1 புள்ளி குறைந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை உட்கொண்டவர்களுக்கும் ஏறத்தாழ 0.6 குறைந்தது. நோய் இருப்பது தெரிந்தவுடன் இனிப்பை விடுகிறோம், சோற்றைக் குறைக்கிறோம், நடக்கத் தொடங்குகிறோம். பெரியம்மாவுக்கும் அந்த முதல் மூன்று மாதத்தின் ஊக்கம் இருந்திருக்கும். ஒன்பது ஆண்டு நோயோடு வாழும் உங்கள் அம்மாவின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறனும் முன்போல் இருக்காது. ஆகவே இருவரையும் ஒப்பிட்டு அம்மா மனம் தளர வேண்டியதில்லை.

பதில் 2: பலாத்தோப்பு (பண்ருட்டி)

ஆசிரியை அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பழுத்த பலாச்சுளை சர்க்கரையை ஏற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். முற்றிய, ஆனால் பழுக்காத பலாக்காயின் நிலை வேறு. ஆந்திரத்தில் 40 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 30 கிராம் பலாக்காய் மாவை அதே அளவு அரிசி அல்லது கோதுமை மாவுக்கு மாற்றாகப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். மூன்று மாதச் சராசரி சுமார் கால் புள்ளி குறைந்தது. கால் புள்ளி சிறிதுதான். ஆனால் அது மாத்திரையோடு சேர்த்துக் கிடைத்தது என்பதையும், மாவைக் கூடுதலாகச் சேர்க்காமல் மாற்றாகப் பயன்படுத்தியதால் கிடைத்தது என்பதையும் நண்பர்கள் மறக்கக் கூடாது. இட்லியும் தின்று அதற்கு மேல் பலாமாவுக் கஞ்சியும் குடித்தால் பலன் கிட்டாது. என் தந்தையார் சித்திரை, வைகாசியில் மதியச் சோற்றில் பாதியைக் குறைத்துவிட்டுப் பலாக்காய்ப் பொரியல் உண்கிறார். உணவுக்குப் பிந்தைய அளவு அந்த மாதங்களில் அவருக்குச் சற்றுத் தணிவாகவே இருக்கிறது.

பழைய சோறு பற்றி ஆசிரியை அவர்கள் சொல்ல வேண்டும். அது நல்லதா?

பதில் 3: ஆசிரியை (புதுச்சேரி)

ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடியும் இறுகி, செரிக்காத மாவுச்சத்தாகிறது. அது பெருங்குடல் பாக்டீரியாவுக்கு உணவு. ஆனால் அந்தப் பகுதி சிறியது. மீதியெல்லாம் வழக்கமான சோறுதான். ஒரு கையளவுக்குமேல் வேண்டாம். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொள்வது நல்ல வழக்கம். வெங்காயத்தில் உள்ள இனுலின் பாக்டீரியா விரும்பும் நார்ச்சத்து.

பதில் 4: சித்த மருத்துவர் (திருப்பாதிரிப்புலியூர்)

ஆவாரையைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். நம் மரபில் நீரிழிவுக்குத் தனி ஆவாரம்பூவை மட்டும் கொடுப்பதில்லை. ஆவாரைக் குடிநீர் என்பது ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோட்டம், மருதம்பட்டை ஆகிய ஏழும் சேர்ந்தது. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை நம்பி வேலியோரத்துப் பூவை மட்டும் பறித்துக் காய்ச்சுவோர், அந்தச் சேர்க்கையின் பலனை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

அந்த ஏழில் கடலழிஞ்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள சலாசினால் என்ற பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் பிரித்தெடுத்தார்கள். சிறுகுடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியை அது தடுக்கிறது. ஆசிரியை அவர்கள் குறிப்பிட்ட அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதே வேலை. இதற்கு இரத்தத்தில் கலக்கவேண்டிய தேவையே இல்லை. குடலுக்குள் இருந்தபடியே அது பணி செய்கிறது. தடுக்கப்பட்ட மாவுச்சத்து கீழே இறங்கிப் பாக்டீரியாவுக்கு உணவாகிறது. குடிநீர் தொடங்கிய முதல் வாரங்களில் வயிறு உப்பி வாயு பிரிவதாகப் பலர் என்னிடம் சொல்வதற்குக் காரணம் இதுவே. மாவுச்சத்தோடு சேர்த்து எடுக்கும்போதுதான் இது பயன்படும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து உண்பவருக்கு அதன் பயன் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆவாரம்பூவை நம் மாவட்டத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்துச் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைத்தது. எலிகளுக்குக் கொடுத்த அளவை வீட்டுக் கசாயத்தோடு ஒப்பிட இயலாது. ஆகவே அந்த முடிவைக் காட்டி ஒருவரை மாத்திரையிலிருந்து விலக்குவதை நான் ஏற்பதில்லை. என்னிடம் வருவோரிடம் முதலில் கேட்பது, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதுதான். உங்கள் அம்மாவின் பட்டியலில் கிளிமிபிரைடு இருப்பதைக் கண்டு எனக்குக் கவலையாக இருக்கிறது. கசாயத்தை எத்தனை மணிக்குக் குடிக்கிறார், காலை உணவு எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்.

பதில் 5: கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம் ஐயா. காலை ஆறரை மணிக்கு எழுந்தவுடன் மாத்திரை, ஏழு மணிக்குக் கசாயம், பிறகு உழவர் சந்தைக்குப் போய்வந்து சமைத்து ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் சாப்பிடுகிறார். சில நாட்களில் ஒன்பது மணியளவில் படபடப்பும் வியர்வையும் வருவதாகச் சொல்வார். கசாயம் உள்ளே வேலை செய்கிறது என்று அதை அவர் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

பதில் 6: செவிலியர் (லாசுப்பேட்டை, புதுச்சேரி)

சகோதரரே, மாத்திரையும் கசாயமும் எடுத்துவிட்டு அம்மா இப்படிப் பட்டினி இருப்பதை இன்றே நிறுத்த வேண்டும் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் படபடப்பும் வியர்வையும் சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். கிளிமிபிரைடு, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரை. அதை உட்கொண்டு மூன்று மணி நேரம் பட்டினியாக இருப்பதே ஆபத்து. அதன்மேல் சர்க்கரையைக் குறைக்கும் கசாயத்தையும் சேர்க்கிறார். நாளை காலை அந்தப் படபடப்பு வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கலந்து உடனே கொடுத்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடியும் பாருங்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மெட்ஃபார்மினை விடுவது பற்றி அம்மா கேட்டாரே, அவரிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த மாத்திரையின் மூலமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற பூச்செடியில் கண்ட பொருளின் வழியில் உருவானது அது. 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை முதன்முதலில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். அதுவும் பெருமளவு குடலில்தான் வேலை செய்கிறது என்பதை அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. குடலின் கீழ்ப்பகுதியில் கரையும்படி செய்த மெட்ஃபார்மின், இரத்தத்தில் குறைவாகவே சேர்ந்தும், சர்க்கரையைக் குறைத்ததாக 2016-இல் எழுதினார்கள். மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் குடல் பாக்டீரியாவைக் கிருமியற்ற எலிகளுக்கு மாற்றியபோது அந்த எலிகளின் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டதாக 2017-இல் வெளிவந்தது. உங்கள் முதல் கேள்வி கசாயத்துக்கு மட்டும் உரியதன்று. அம்மா தினமும் விழுங்கும் மாத்திரைக்கும் அது பொருந்தும். செடியின் வழிவந்த மருந்து வேண்டும் என்று அவர் விரும்பினால், அளவு நிறுத்து, பல்லாண்டு சோதித்துத் தரும் ஒன்று ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. ஒன்பது ஆண்டாக அதை எடுப்பதால் வைட்டமின் பி12 அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நெடுநாள் பயன்பாட்டில் அது குறைவதுண்டு.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் சொந்த மாமா, இணையத்தில் வாங்கிய மூலிகைப் பொடியை நம்பி எல்லா மாத்திரைகளையும் ஐந்து மாதம் நிறுத்திவிட்டார். விற்றவர்கள் கொடுத்த தைரியம் அது. காலில் புண் வந்த பிறகுதான் எங்களிடம் சொன்னார். இரண்டு விரல்களை இழந்தார். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நாடளாவிய ஆய்வில் கோவாவுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை நோய் மிகுந்த பகுதியாகப் புதுச்சேரியே இருந்தது, நூற்றுக்கு 26.3 பேர். நான்கு பேரில் ஒருவர் என்னும்போது, மாமாவைப் போன்றவர்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

பெர்பெரின் மாத்திரையை இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக வாங்க வேண்டாம். வேறு மருந்துகள் கல்லீரலில் சிதைவதை அது தடுக்கும். கருவுற்ற பெண்கள் அதை எடுக்கவே கூடாது.

உணவைப் பொறுத்தவரை நான் சொல்வது இதுதான். கொத்தவரங்காய், வாழைப்பூ, கீரை, சுண்டல், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்து, சோற்றின் அளவைக் குறையுங்கள். வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து நிறைய உள்ளது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிகளிடம் ஆராய்ந்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் அவர்கள் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி நாளொன்றுக்கு 100 கிராம். நாம் ஊறவைத்துக் குடிக்கும் ஒரு தேக்கரண்டிக்கு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது. நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாமல் இரண்டு மூன்று வாரத்தில் கூட்டுங்கள். பாக்டீரியா பழகிக்கொள்ள அவகாசம் வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் கீரை, வாழைத்தண்டு போன்றவற்றின் பொட்டாசியத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

பதில் 7: கெடிலக்கரை (கடலூர்)

செவிலியர் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு அம்மாவுக்கு வியர்த்தபோது பார்த்தேன். 62 இருந்தது. குளுக்கோஸ் கொடுத்துக் கால் மணியில் 94 ஆனது. அன்று மாலையே மஞ்சக்குப்பத்தில் எங்கள் மருத்துவரைப் பார்த்தோம். கிளிமிபிரைடை உணவுக்குச் சற்று முன்புதான் எடுக்க வேண்டும், உணவு எட்டு மணியைத் தாண்டக் கூடாது, கசாயத்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத் தினமும் நான்கு வேளை அளவை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்றார். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பி12-உம் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். சித்த மருத்துவர் ஐயா சொன்ன ஏழு சரக்குகளையும் அவரிடம் காட்டினேன். அளவுகள் நிலைத்த பிறகு இருவரும் கலந்து முடிவு செய்யலாம் என்றார்.

மாத்திரையின் மூலம் ஒரு பூச்செடி என்று சொன்னதை அம்மா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதன்பின் அதை விடுவது பற்றிப் பேசவில்லை. நேற்று மதியம் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு கொத்தவரங்காய்ப் பொரியலை இரண்டு மடங்காக வைத்துக்கொண்டார்; இரண்டு மணி நேரம் கழித்து 168. சென்ற வாரம் அதே நேரத்தில் 211 இருந்தது. ஒரு நாள் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதால் தொடர்ந்து குறித்து வருகிறேன். பண்ருட்டி நண்பரே, முற்றிய பலாக்காய் இப்போது கிடைக்குமா, கிடைத்தால் எங்கே என்று எழுதுங்கள்.